மோரிசுக்கும் பியட்டுக்கும் நடுவுல நான்

அம்மிணி, அந்தப் பையைச் சித்த மடியில வெச்சுக்கறயா? நானும் உக்காந்துக்கறேன். ஆமா, கோயமுத்தூருக்குத்தான், உக்கடத்துல எறங்கோணும். இந்தத் தூக்குப்போசி என்ற கால்கிட்டயே இருக்கட்டும். உள்ள ரசம் இருக்குது, டிரைவரு பிரேக் போட்டா உன்ற சேலையில ஊத்திரும்.

என்ன பாக்கறே? இந்த வயசுல இந்தம்மா தூக்குப்போசியோட பஸ்ஸுல இடிபட்டுட்டுப் போகுதே, ஊட்டுல காரு கீரு இல்லையான்னுதானே? இருக்குது. ஒண்ணுக்கு ரெண்டு இருக்குது. எங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒண்ணு, என்ற அண்ணங்கிட்ட ஒண்ணு. ரெண்டும் இன்னைக்குக் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் மைதானத்துல நிக்கோணும். பழைய காரையெல்லாம் வரிசையா நிறுத்தி வெப்பாங்களாமா, சனங்க சுத்திச் சுத்திப் பாப்பாங்களாமா. காரும் போயிருச்சு, காருக்காரங்களும் போயிட்டாங்க. சோறு மட்டும் பஸ்ஸுல போகுது. நான் சோத்துக்குத் தொணை.

ஏன்னு கேளு. கேக்க மாட்டயா? செரி, நானே சொல்றேன். கிணத்துக்கடவு வர்ற வரைக்கும் நீ வெளிய என்னத்தைப் பாக்கப் போறே, எல்லாம் தென்னமரந்தான்.

எங்க ஊட்டுக்காரரு காரு மோரிஸ் மைனர். வால்பாறை எஸ்டேட்டுல இருந்த வெள்ளைக்காரத் தொரை ஒருத்தரு ஊருக்குப் போறப்ப என்ற மாமனாருக்கு வித்துட்டுப் போனது. குண்டுக் கன்னமும் உருட்டுக் கண்ணுமா, பாத்தா லட்டாட்ட இருக்கும். திரும்பறப்ப அதுல லைட்டு மினுக்காது. ரெண்டு கதவுக்கும் நடுவுல இருந்து சின்னதா ஒரு கை, ஆரஞ்சுக் கலர்ல, டொக்குன்னு எந்திரிச்சு நீட்டும். இடதுபக்கம் திரும்புனா இடது கை, வலதுபக்கம்னா வலது கை. எங்க ஊட்டுக்காரரு அந்தக் கையை எண்ணெய் போட்டுத் தொடைக்கற தொடைப்பைப் பாக்கோணுமே! என்ற கையை அப்படி ஒரு நாள் புடிச்சிருப்பாரா? அதை உடு.

அண்ணன் காரு பியட். லெவன் ஹண்ட்ரட்டும்பாங்க. அது எங்கப்பா புதுசா எடுத்தது. கியரு ஸ்டேரிங்குலயே இருக்கும். அதனால முன்சீட்டு பெஞ்சாட்ட நீளமா இருக்கும், மூணு பேரு தாராளமா உக்காரலாம். முன்கதவு மத்த காராட்டத் தொறக்காது, எதிர்த்தாப்ல தொறக்கும். மகாராணியாட்ட எறங்கலாம். நான் கல்யாணமாகிப் போனது அந்தக் காருலதான். எனக்குக் காரைப் பத்தி ஒண்ணுந் தெரியாது அம்மிணி, நான் ரெண்டு பக்கமும் பொதுவானவ. ஆனா காருன்னா பியட்டுதான் காரு. மோரிசும் ஓடும், ஓடாம என்ன.

இந்த ரெண்டு பேரும் இருக்கறாங்களே, ஒருத்தரை ஒருத்தர் மொகம் பாத்துப் பேச மாட்டாங்க. கோவமெல்லாம் இல்லை, மரியாதை. மாப்ளைகிட்ட மச்சான் வெடுக்குனு ஒண்ணு சொல்லிறக் கூடாது பாரு. அதனால எதுவா இருந்தாலும் என்ற மூலமாத்தான். எங்க ஊட்டு ஆசாரத்துல, முன்கூடத்துல, ரெண்டு பேரும் எதிரெதிர் சேருல உக்காந்திருப்பாங்க. "ஆழியார் ஏத்தம் நம்ம மோரிசுக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு உன்ற அண்ணங்கிட்டச் சொல்லு"ம்பாரு இவரு. நான் திரும்பி அண்ணங்கிட்டச் சொல்லுவேன். "ஏத்தமெல்லாம் செரி, நாலு ஒறம்பரை வந்தா எங்க உக்கார வெப்பாரு, மடியிலயான்னு மாப்ளகிட்டக் கேளு"ம்பாரு அண்ணன். நான் இந்தப் பக்கம் திரும்பிக் கேப்பேன். திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கும். முப்பது வருசமா ரெண்டு ஊட்டுக்கும் பேச்சுவார்த்தை ஓடுச்சுன்னா அது என்னாலதான்.

அதுலயும் ஒரு பக்குவம் இருக்குது. ஒருத்தர் சொன்னதை அப்படியே போய் இன்னொருத்தர்கிட்டச் சொல்லிறக் கூடாது அம்மிணி. பச்சையா இருக்கும். சித்த தாளிச்சுத்தான் சொல்லோணும். நீ கல்யாணமானவதானே? அப்ப உனக்கே தெரிஞ்சிருக்கும்.

செரி, கதைக்கு வாரேன். போன பங்குனியில என்ற மக தாரணிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. நல்ல எடம், கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு செய்யற கம்பெனியில மாப்பிள்ளை இன்ஜினியரு. வைகாசியில முகூர்த்தம். நிச்சயத்தன்னைக்கே அண்ணன் வாயைத் தொறந்துட்டாரு. "நம்ம ஊட்டுப் பொண்ணுங்க எல்லாம் புருசன் ஊட்டுக்குப் போனது பியட்டுல. தாரணியும் அதுலதான் போகோணும்னு மாப்ளகிட்டச் சொல்லு." இவரு ஒடனே, "பொண்ணு என்ற பொண்ணு, மோரிசு சும்மா நிக்கறதுக்கா இருக்குதுன்னு கேளு"ன்னாரு. தாரணி என்ன சொன்னா தெரியுமா? "ரெண்டுலயும் ஏசி இல்ல, நான் கால் டாக்ஸியில போறேன்"னா. அவகிட்ட ஆரு கேட்டா?

அப்பத்தான் நான் ஒரு ரோசனை சொன்னேன். அவரு காரை இவரு ஓட்டட்டும், இவரு காரை அவரு ஓட்டட்டும். எது நல்ல காருன்னு அவங்களே சொல்லட்டும். எவ்வளவு நாயமான பேச்சு பாரு! ரெண்டு பேரும் சாவியை மாத்திக்கிட்டாங்க. அதுவும் என்ற கை வழியாத்தான்.

எங்க ஊட்டுக்காரரு பியட்டை ஆழியார் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாரு. வாசல்ல நிறுத்துனாரு, எறங்குனாரு, துண்டை எடுத்து மொகத்தைத் தொடச்சாரு, காரை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்தாரு. "பரவால்லையே!"ன்னாரு. அவ்வளவுதான். நேரா உள்ள போயி மோரு குடிச்சாரு.

நான் மறுநாளே முருங்கைக்காயைக் கட்டி எடுத்துட்டு பஸ் ஏறி ஆனைமலைக்குப் போயிட்டேன். அண்ணன் வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு. "என்னம்மா சொன்னாரு மாப்ள?"ன்னாரு. நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். "ஓட்டிப் பாத்துட்டு வந்து ‘பரவால்ல’ன்னாருண்ணா, அவ்வளவுதான்"னேன். அண்ணன் மொகம் வாழைப்பூவாட்டச் சுருங்கிப் போச்சு. "பரவால்லயா? அப்பா காரைப் பாத்து, பரவால்லயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. நான் என்ன பண்ணுவேன், சொன்னதைத்தானே சொன்னேன்.

அண்ணன் மோரிசை ஓட்டுனதுக்கு என்ன சொன்னாருன்னு இவரு இங்க காத்துட்டு இருந்தாரு. அண்ணன் எங்கிட்ட என்னமோ நெறையச் சொன்னாரு, சின்னதா இருந்தாலும் சொன்னபடி கேக்குது, அப்படி இப்படின்னு. பஸ்ஸுல வர்றப்ப அத்தனையும் ஞாபகம் இருக்குமா? முக்கியமானதைச் சொன்னேன். "‘வண்டி சின்னது’ன்னாருங்க"ன்னேன். இவரு சோத்துல கையை வெச்சவரு அப்படியே எடுத்துட்டாரு. "சின்னதா? மூணு தலைமொறை ஒறம்பரையை ஏத்துன வண்டி, சின்னதா? கதவு எந்தப் பக்கம் தொறக்கோணும்னு தெரியாத காரை வெச்சுட்டு இருக்கறவருக்குச் சின்னதும் பெருசும் எங்க தெரியும்?"னாரு. நான் அதை அப்படியே சொல்ல முடியுமா? தண்மையாத்தான் சொன்னேன். "உங்களுக்குக் கதவே தெரியலையாம்ண்ணா"ன்னு மட்டுந்தான் சொன்னேன்.

அதுக்கு அண்ணன், "பஸ்ஸுக்குக் கை காட்டறவனாட்ட எப்பப் பாத்தாலும் கையை நீட்டிட்டு நிக்கற வண்டி"ன்னாரு. இப்படியே சித்திரை பூராப் போச்சு. நானும் பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடையா நடந்து ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணிட்டே இருந்தேன். ஆனா நான் சமாதானம் பண்ணப் பண்ண கோவம் ஏறிட்டே போகுது. காருன்னா ஆம்பளைங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிரும் அம்மிணி, அதுக்கு ஆரு என்ன பண்றது.

கடைசியில ஒரு நாள் அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டாரு. "நான் முகூர்த்தத்துக்கு வல்லை. பட்டம் கட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

உங்க பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள்ல தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். மாமன் கை படாம பொண்ணை மணவறைக்கு அனுப்புனா ஊரு என்ன பேசும்? ஊரு கெடக்குது. எனக்குக் கூடப்பொறந்தது அவரொருத்தர்தான். அப்பா அம்மா போனதுக்கப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னா அண்ணன்தான். அவரு வராம என்ற மக கல்யாணம் நடந்துச்சுன்னா அப்பறம் நான் எந்த வாசலுக்குப் போவேன்? அன்னைக்கு ஆனைமலை பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன் அம்மிணி. கண்டக்டரு, "பர்ஸைத் தொலைச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாரு.

ஊட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். இவரும் ஆடிப்போயிட்டாரு. "காரு கெடக்குது, மச்சானை வரச் சொல்லு"ன்னாரு. எறங்கி வந்துட்டாரு பாத்தயா! நான் ஒடனே அண்ணனுக்குப் போனைப் போட்டேன். "அண்ணா, ‘அந்தக் காரு கெடக்குது, அவரு மட்டும் வந்தாப் போதும்’ங்கறாரு"ன்னேன். அண்ணன் போனை டொப்புன்னு வெச்சுட்டாரு. இவரு எறங்கி வந்தும் அவரு ஏறிட்டாரு. நீயே சொல்லு, தப்பு ஆரு மேல?

இதுக்கு நடுவுல பத்திரிகை வெக்கற அலைச்சல். ஊடு ஊடாப் போயி, ஒவ்வொரு ஊட்டுலயும் இந்தக் காரு கதையை மொதல்ல இருந்து சொல்லி, "நீங்க சித்த அண்ணங்கிட்டப் பேசுங்க"ன்னு சொல்லி, எனக்குத் தொண்டை போயிருச்சு. கரகரப்பு இல்லை, சுத்தமாப் போயிருச்சு. வாயைத் தொறந்தா காத்துத்தான் வருது. டாக்டரு பாத்துட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசுனா கல்யாணத்துல ஊமையாத்தான் நிப்பீங்கன்னுட்டாரு. தாரணி கையெடுத்துக் கும்புட்டு, "டாக்டருக்குக் கோடி புண்ணியம்"னா. எதுக்குச் சொன்னாளோ.

என்ற கெட்ட நேரத்தைப் பாரு. ரெண்டு மாசமா ரெண்டு பக்கமும் பேசிப் பேசிப் பக்குவம் பண்ணி வெச்சிருக்கறேன், இன்னும் ஒரு வார்த்தையில பழம் உழுகும், அந்த நேரம் பாத்தா தொண்டை போகோணும்?

ஆனா தட்டம் வெச்சு மாமனைக் கூப்புடற மொறையை உட முடியாதே. வெத்தலை பாக்கு, தேங்கா பழம் எல்லாம் எடுத்துட்டு நானும் எங்க ஊட்டுக்காரரும் ஆனைமலைக்குப் போனோம். மோரிசுலதான் போனோம். அண்ணன் வாசல்ல பியட்டு நின்னுச்சு. இவரு மோரிசை ரெண்டு மொழம் தள்ளி நிறுத்துனாரு, ஒட்டி நிறுத்த மனசு வல்லை.

உள்ள போயி உக்காந்தாச்சு. அண்ணி காபி கொண்டாந்து வெச்சாங்க. இவரு தொண்டையைச் செருமிட்டு, எம் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்குக் கூப்புட வந்திருக்கறோம்னு உன்ற அண்ணங்கிட்டச் சொல்லு"ன்னாரு. நான் வாயைத் தொறந்தேன். புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. அண்ணன், "நான்தான் வல்லைன்னு சொன்னேனே, மறுபடியும் எதுக்கு வந்தாராமான்னு கேளு"ன்னாரு. மறுபடியும் வாயைத் தொறந்தேன். புஸ்ஸு. இவரு அண்ணனைப் பாக்கறாரு. அண்ணன் செவுத்தைப் பாக்கறாரு. கதவுக்குப் பின்னாடி அண்ணி முந்தானையை வாயில அடைச்சுட்டு சிரிக்கறாங்க. எனக்கோ பொங்கிப் பொங்கி வருது, சொல்ல வழியில்லை.

கடைசியில அண்ணனே இவரு மொகத்தைப் பாத்துட்டாரு. முப்பது வருசத்துல அப்பத்தான் நேராப் பேசுனாரு.

"ஏனுங் மாப்ள, எங்கப்பா காரு உங்களுக்கு வெறும் ‘பரவால்ல’தானுங்களா?"

"ஆருங் மச்சான் அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் எறங்குனதும் ‘பரவால்ல’ன்னீங்களாமா."

"நான் எங்கீங் ‘பரவால்ல’ன்னேன்? ‘பரவால்லையே!’ன்னேன். இத்தனை வருசமா ஓட்டிப் பாக்காமயே இந்தக் காரைக் கொறை சொல்லிட்டமேன்னு எனக்கு வெக்கமாப் போயிருச்சுங்க. அந்தக் கியரு வெண்ணெய்யில கத்தி போறாப்ல போகுது."

"பரவால்லையேன்னீங்களா?"

"பரவால்லையேன்னுதானுங்க சொன்னேன். நீங்கதான் மோரிசைச் சின்னதுன்னுட்டீங்க."

"அட, சின்னதா இருந்தாலும் சொன்னபடி கேக்குது, தங்கமான வண்டின்னேனுங் மாப்ள! வளைவுல ஒடிச்சா ரோட்டைக் கவ்விட்டுத் திரும்புது. நம்ம பியட்டு அப்படித் திரும்பாதுன்னு கூடச் சொன்னேனே!"

அப்பறம் ரெண்டு பேரும் மெதுவா எம் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. நான் என்னத்தைச் சொல்லுவேன்? தொண்டை இல்லியே. அண்ணன் சிரிக்க ஆரம்பிச்சாரு, கூட இவரும் சிரிச்சாரு. அண்ணனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது சிரிப்புத் தண்ணியா என்னன்னு எனக்குத் தெரியலை. எந்திரிச்சு வந்து தட்டத்தை ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாரு.

நீயே சொல்லு அம்மிணி. பரவால்ல, பரவால்லையே. ஒரு ஏ. ஒரே ஒரு ஏ! அந்த ஏ-வை நான் ஆனைமலை வரைக்கும் பஸ்ஸுல கொண்டு போறதுக்குள்ள கூட்டத்துல எங்கியோ உழுந்து போச்சு, அதுக்கு இத்தனை கூத்தா? எனக்குத் தொண்டை போனதைப் பாத்துத்தான் ரெண்டு பேருக்கும் மனசு எளகுச்சு. அதை ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. அண்ணன் பட்டம் கட்டறப்ப தாரணி மாமன் கையை அப்படியே புடிச்சுக்கிட்டா. எனக்கு அன்னைக்குத்தான் தொண்டை தொறந்துச்சு, வாய் உட்டு அழுதேன். அப்பறம் பொண்ணு மாப்பிள்ளை கெளம்பற நேரம். "பியட்டுலயே போகட்டுமுங் மச்சான்"கறாரு இவரு. "அட, வேண்டாமுங் மாப்ள, மோரிசுலயே போகட்டும்"கறாரு அண்ணன். இவரு வேண்டாம்கறாரு, அவரு வேண்டாம்கறாரு, நல்ல நேரம் ஓடிட்டே இருக்குது. செரி, நாம போயித் தீத்து வெக்கலாம்னு, "அண்ணா, அவரு என்ன சொல்றாருன்னா…"ன்னு வாயைத் தொறந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா, "நீ சும்மா இரு"ன்னாங்க. பொண்ணு மாப்பிள்ளை யாரோ சிநேகிதரோட ஏசி காருல ஏறிப் போயிட்டாங்க. மோரிசுலயும் பியட்டுலயும் சீர்ச் சாமானும் வாழைத்தாரும் போச்சு.

சண்டை தீந்துச்சு, சந்தோசந்தான். இல்லைங்கல. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசற பேச்சு இருக்குதே! காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி போனு. "மச்சான், கார்ப்ரேட்டரு…" "மாப்ள, பிளக்கு…" நடுவுல நான் எதுக்கு? முன்னெல்லாம் நாலு நாளைக்கு ஒருக்கா ஆனைமலைக்குப் போறதுக்கு ஒரு சோலி இருக்கும். "உன்ற அண்ணங்கிட்டச் சொல்லு"ம்பாரு, நான் சேலையை மாத்திட்டுக் கெளம்பிருவேன். இப்ப ஆரும் எதையும் எங்கிட்டச் சொல்லி உடறதில்லை. தாரணியும் போயிட்டா. ஊடு கம்முனு கெடக்குது. என்ற போனுல சார்ஜு எறங்கறதே இல்லை.

இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேளு. மோரிசைச் சாமானெல்லாம் கழட்டிட்டு, பெயிண்ட் அடிக்கறதுக்குப் போன வாரமே லாரியில கோயமுத்தூருக்கு உட்டாச்சு. அண்ணன் வெடியக் காலையில பியட்டை எடுத்துட்டு வந்தாரு, மூணு பேரும் ஒண்ணாப் போலாம்னு. நானும் குளிச்சு, பூ வெச்சு, இந்தப் பட்டைக் கட்டிட்டு நிக்கறேன். பின்சீட்டுல பாத்தா மோரிசோட பம்பரு, டயரு, டப்பா டப்பாவா பாலீசு. செரி, முன்னாடி உக்காரலாம்னு கதவைத் தொறக்கறேன். நடுவுல கார்ப்ரேட்டரு. துண்டுல சுத்தி, பச்சைக் கொழந்தையாட்டப் படுக்க வெச்சிருக்குது. கீழ வெச்சா ஆடுமாமா. "நீ பஸ்ஸுல வந்துரு, வர்றப்ப சோறு கொண்டுட்டு வந்துரு"ன்னாங்க.

அந்த நடு எடம் என்ற எடம் அம்மிணி. சின்னதுல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உக்காந்து நான் பழனி போயிருக்கறேன், திருமூர்த்தி மலை போயிருக்கறேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. அவங்க பாக்கலை, பேசிட்டே போயிட்டாங்க. சண்டையா இருந்தப்ப ரெண்டு பேருக்கும் நான் வேணும். சமாதானமானதும் சோறு மட்டும் போதும்.

என்னது, ஈச்சனாரி தாண்டியாச்சா? பேச்சுல பாக்கலை பாரு.

இரு, போனு அடிக்குது. எங்க ஊட்டுக்காரருதான். இன்னும் சாப்பாட்டு நேரம்கூட ஆகலையே, இப்ப எதுக்கு? அட, எடுக்கறதுக்குள்ள கட்டாயிருச்சு. மறுபடியும் அடிக்குது… இது அண்ணன்! ரெண்டு பேரும் ஒரே மைதானத்துல பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க, எதுக்குத் தனித்தனியாக் கூப்புடோணும்? என்னமோ ஆகிப்போச்சு அம்மிணி. சண்டையேதான். ஒருத்தரு காரை ஒருத்தரு என்னமோ சொல்லியிருப்பாங்க. சோத்துக்கா? சோத்துக்கு ஒருத்தர் கூப்புட்டாப் போதாதா? அண்ணன் நிறுத்திட்டாரு, இப்ப மறுபடியும் இவரு. பாரு, பாரு, உடாம அடிக்கறாங்க!

எடுக்கறேன், எடுக்கறேன். அவசரப்படாதே. சித்த அடிக்கட்டும் அம்மிணி, கேக்கறதுக்கு எவ்வளவு நல்லா இருக்குது.